நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில்...

"நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமலே விட்டுவிடுவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். அந்தப் பழமொழி நாயைப் பற்றியதல்ல, மனிதர்களைப் பற்றியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதன் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நாயைக் குளிப்பாட்டுங்கள்; கொஞ்ச நாளைக்கு நடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று வைத்தியமாகவே சொல்லும் காலம் வந்துவிட்டது. சொல்பவர்கள் கால்நடை டாக்டர்கள். வியாதியின் பெயர் அலர்ஜி. காரணம், வாசலில் முளைத்துக் கிடக்கும் புல்!

"புல் தடுக்கிப் பயில்வான்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்நியரைக் கண்டால் மதில்மேல் பாயும் அல்சேஷியன், புல் தரையில் புரண்டுவிட்டு வந்து, இரவெல்லாம் தூங்காமல் பாதத்தை நக்கிக்கொண்டு கிடந்தால், அதற்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதன் அவஸ்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

பின்வரும் சம்பாஷணையை நகரத்தில் எந்தத் தெருவிலும் கேட்கலாம்:

"மாமி, உங்காத்து ஜிம்மிக்கு என்ன ஆச்சு? ராத்திரி பூரா காதை உதறிண்டே இருக்கே!"

"என்னத்தைச் சொல்றது, போ! காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிண்டுடுத்து. வயிறெல்லாம் சிவந்து கிடக்கு. மஞ்சளை அரைச்சுப் போட்டேன். வேப்பிலைத் தண்ணியிலே குளிப்பாட்டியாச்சு. ஒண்ணும் கேக்கலை."

"சொறிதான் மாமி, சந்தேகமே இல்லை! குழந்தைகள் புழங்கற ஆம். ஒட்டிக்கப் போறது. மாமாகிட்டே சொல்லி எங்கேயாவது கொண்டு விட்டுடுங்கோ."

இந்தச் சம்பாஷணை சில வீடுகளில் விபரீதமாகவே முடிந்துவிடுகிறது. நாலைந்து வருஷம் வீட்டில் ஒருவராக வளர்ந்த பிராணி, ஒரு நாள் வண்டியில் ஏற்றப்பட்டு ஊருக்கு வெளியே இறக்கி விடப்படுகிறது. வீட்டு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெரு நாய்களின் பல்லிலிருந்தும் லாரிச் சக்கரங்களிலிருந்தும் தப்பும் வித்தை அதற்குப் பழக்கமில்லை.

இத்தனைக்கும் அந்தப் பேச்சில் இருக்கும் மூன்று முடிவுகளும் அவசர முடிவுகள். சொறிகிற நாயெல்லாம் சொறி நாய் அல்ல. அலர்ஜியாக இருந்தால் அது குழந்தைகளுக்கு ஒட்டாது. நாயைக் கொண்டு விடுவதைத் தவிர வேறு வழி உண்டு, நிறையவே உண்டு.

அசட்டுக் காவல்காரன்

"அலர்ஜி" என்ற சொல்லை 1906-இல் உண்டாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. தமிழில் அதை ஒவ்வாமை என்கிறோம்.

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமிகள் நுழைந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. ஆனால் சில உடம்புகளில் காவல்காரன் கொஞ்சம் அசடு. திருடனுக்கும் தபால்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. தபால்காரர் வந்து "ஸார், போஸ்ட்!" என்றதும், தடியைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் உடைத்துத் தள்ளிவிடுகிறான். தபால்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டுக் கண்ணாடிதான் நொறுங்குகிறது! மகரந்தப் பொடி அந்தத் தபால்காரரைப் போல் ஒரு பாவமும் அறியாதது. அதைக் கண்டு உடம்பே செய்துகொள்ளும் அமர்க்களந்தான் நமைச்சல், தும்மல், வீக்கம் எல்லாம்.

இதில் ஒரு விசேஷம். முதல் நாளே காவல்காரன் தடியைத் தூக்குவதில்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறான். பல தடவை பார்த்த பிறகுதான் அவனுக்கு ஆவேசம் வருகிறது. "இத்தனை நாளாக இதே புல்லில்தானே விளையாடிற்று? இப்போது மட்டும் என்ன வந்தது?" என்று பலர் கேட்கிறார்கள் அல்லவா? அதற்கு இதுதான் பதில். பெரும்பாலான நாய்களுக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள்தான் இந்த உபத்திரவம் முதன் முதலாகத் தலைகாட்டுகிறது.

காவல்காரன் கையில் உள்ள தடி எது என்பது 1966-இல் தெரிய வந்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியத் தம்பதிகள், கிமிஷிகே இஷிஸாகாவும் அவர் மனைவி டெருகோவும், ரத்தத்தில் இருக்கும் ஒரு நுண்ணிய புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இம்யூனோகுளோபுலின் இ என்று பெயர். கணவனும் மனைவியும் சேர்ந்து கண்டுபிடித்த இந்த விஷயத்தின்மேல்தான் இன்றைய அலர்ஜி வைத்தியத்தின் பெரும் பகுதி நிற்கிறது. நாயின் ரத்தத்திலும் அந்தப் புரதம் உண்டு.

மனிதனுக்கு மூக்கு, நாய்க்குத் தோல்

புல்லின் மகரந்தம் மனிதனைப் படுத்தும் என்பது பழைய செய்தி. மான்செஸ்டர் நகரத்து வைத்தியர் சார்லஸ் பிளாக்லி, தாமே தும்மலால் தவித்தவர். மகரந்தத்தைத் தம் மூக்கிலும் தோலிலும் வைத்துப் பரீட்சை செய்து, 1873-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

நாய்க்கும் இது வரும் என்று எழுத்தில் வந்தது 1941-இல்தான். விட்டிச் என்ற அமெரிக்க அலர்ஜி நிபுணர், குறிப்பிட்ட ஒரு பருவம் வந்தால் அவதிப்படும் ஒரு நாயைப் பற்றி வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். மகரந்தம்தான் காரணம் என்று கண்டு, மனிதர்களுக்குப் போடுவது போலவே ஊசி போட்டுப் பலனும் கண்டார்.

ஆனால் நாய்க்கும் நமக்கும் ஒரு வித்தியாசம். நமக்கு மகரந்த அலர்ஜி வந்தால் மூக்கில் நீர் கொட்டும், கண் சிவக்கும், தும்மலுக்கு மேல் தும்மலாக வரும். நாய் அபூர்வமாகத்தான் தும்மும். அதன் அலர்ஜி தோலில் வெளிப்படுகிறது. மகரந்தம் மூச்சு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாக நுழைவதே நாய்களிடம் முக்கியம் என்று இப்போது கருதுகிறார்கள். நல்ல தோல், சுண்ணாம்பும் மணலும் சரியாகக் கலந்து கட்டிய செங்கல் சுவர் மாதிரி. அலர்ஜி நாயின் தோலில் செங்கல் இருக்கிறது, கலவைதான் சரியில்லை. இடுக்கு வழியே தூசியும் மகரந்தமும் உள்ளே போய்விடுகின்றன. செருப்பில்லாத பாதமும், தரையை ஒட்டிய வயிறும் புல்லில் உரசும்போது கேட்பானேன்!

இந்தக் குறைபாடு வம்சத்தில் வருவது. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அல்சேஷியன், பக், பாக்ஸர், புல்டாக் ஆகிய ஜாதிகளில் அதிகம் காணப்படுகிறது. அதற்காக நாட்டு நாய்க்கு வராது என்று சொல்வதற்கில்லை. எப்படியானாலும், இது வீட்டுக்காரி சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் வந்த வியாதி அல்ல. "நாயை ஒழுங்காகக் குளிப்பாட்டினால்தானே!" என்று யாராவது இடித்துப் பேசினால், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மல்லிகைக்கு விடுதலை

மகரந்தம் என்றதும், ஆசையாக வளர்த்த பூச்செடிகளின்மேல் சந்தேகம் விழும். நல்ல வேளை, மல்லிகையும் ரோஜாவும் செம்பருத்தியும் இந்த வழக்கில் முக்கியக் குற்றவாளிகள் அல்ல. பூவுக்கு நிறமும் மணமும் எதற்காக? வண்டையும் தேனீயையும் அழைப்பதற்காக. அவற்றின் காலில் ஒட்டிக்கொண்டு போக வேண்டிய மகரந்தம் கொஞ்சம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காற்றில் வெகு தூரம் பறக்காது.

உண்மைக் குற்றவாளிகள் நிறமும் இல்லாமல் மணமும் இல்லாமல் ஓரமாக நிற்பவை. வண்டை நம்பாமல் காற்றையே தூது அனுப்பும் புல் பூண்டுகள் அவை. எந்தப் பூவில் போய் விழும் என்ற நிச்சயம் இல்லாததால், கணக்கு வழக்கில்லாமல் மகரந்தத்தைப் பறக்க விடுகின்றன.

இவற்றில் முதல் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நம் அருகம்புல்! தாவர நூலார் அதைச் சைனோடான் டாக்டைலான் என்கிறார்கள். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர். வெப்பமான தேசங்களில் மகரந்த அலர்ஜி உண்டாக்கும் புற்களில் இது மிக முக்கியமானது. நாய்களுக்கு அலர்ஜிப் பரீட்சை செய்யும் மருந்துப் பெட்டிகளில் இதற்கென்று ஒரு புட்டி இருக்கும்.

அதற்காகப் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டும்போது நாயைத் துரத்த வேண்டியதில்லை. உபத்திரவம் பெரும்பாலும் பூவில் இருக்கிறது. பச்சைத் தாளில் அல்ல. அருகம்புல் பூத்திருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்டின் நுனியில் மூன்றிலிருந்து ஏழு வரை மெல்லிய கதிர்கள், குருவி கால்விரலை விரித்தாற்போல் நிற்கும். டாக்டைலான் என்ற சொல்லுக்கே விரல் என்றுதான் பொருள். இந்த விரல்கள் நீளும் முன்பே புல்லை வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் இன்னொரு விரோதி. காரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக இருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடி 1950-களில் புனே நகரில் கவனிக்கப்பட்டு, பிறகு தேசமெங்கும் பரவிவிட்டது. மனிதர்களின் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல் செய்வது. நாயை அந்தப் பக்கம் அழைத்துப் போகாமலிருப்பது நாய்க்கும் நல்லது. சங்கிலியைப் பிடித்திருப்பவருக்கும் நல்லது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாயின் அலர்ஜிக்கெல்லாம் புல்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மெத்தையிலும் சாக்கிலும் வசிக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் உலகம் முழுவதும் நாய்களுக்கு அலர்ஜி தருவதில் முன்னணியில் நிற்கின்றன. பல நாய்களுக்குப் புல்லும் ஆகாது, தூசியும் ஆகாது.

உடம்பு சொல்லும் சாட்சி

நாய்க்கு வாய் இல்லை. ஆனால் எங்கே சொறிகிறது என்பதைக் கவனித்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மகரந்த அலர்ஜி உள்ள நாய் பாதங்களை நக்கும், முகத்தைப் பாயில் தேய்க்கும், காதைச் சொறியும், அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கும். வெள்ளை நாயாக இருந்தால், ஓயாமல் நக்கிய இடத்தில் எச்சில் பட்டு ரோமம் செம்பழுப்பாக மாறிவிடும். காதில் அடிக்கடி சீழும் நாற்றமும் வந்தால், காது மருந்தோடு நிறுத்திவிடாமல் அலர்ஜியையும் சந்தேகிக்க வேண்டும். சில நாய்களுக்குக் காது ஒன்றுதான் அடையாளம்.

முதுகின் பின்புறத்தையும் வால் அடியையும் கடித்துக்கொண்டால், தெள்ளுப் பூச்சியைத் தேடுங்கள். ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்கினால் அலர்ஜியாக இருப்பது அபூர்வம். முள்ளோ, புல் விதையின் கூரிய முனையோ விரலிடுக்கில் ஏறியிருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிற்றில் மட்டும் சிவந்து தடித்தால், நாய் படுத்துப் புரளும் செடி எது என்று பார்க்க வேண்டும். தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் டிரடஸ்கான்ஷியா என்ற படர்செடியில் ஓர் இனம், ஆஸ்திரேலியாவில் நாய்களுக்கு இப்படிப்பட்ட தொல்லை தருவதற்குப் பேர் போனது.

நிஜமான சொறியும் உண்டு. சிறு பேன் போன்ற பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வரும் சொறி, காது ஓரத்திலும் முழங்கையிலும் ஆரம்பித்துக் கடுமையாக அரிக்கும். அது மனிதர்களுக்கும் ஒட்டும். ஆகவேதான் நாமாக "சொறி" என்றோ "அலர்ஜி" என்றோ தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்கிறோம். அவர் தோலைச் சுரண்டிப் பூதக் கண்ணாடியில் பார்ப்பார். அந்தச் சொறிக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதற்காகவும் நாயைத் தெருவில் விட வேண்டிய அவசியம் இல்லை.

எங்கே என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். மேல் நாட்டுப் புத்தகங்களில் வசந்த காலத்தில் மரங்கள், கோடையில் புல், இலையுதிர் காலத்தில் களைகள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் பனி பெய்து புல் மடிந்து போவதில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் பூத்துக்கொண்டுதான் இருக்கும். மழை பெய்து புல் தழைத்துக் கதிர் விடும்போது தொல்லை கூடும். ஈரத்தில் தூசிப் பூச்சியும் பெருகும் என்பதால் இரண்டும் கலந்து குழப்பும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. நாயோடு நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர்!

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். இன்று அதிகம் நக்கியது, இன்று பரவாயில்லை, மழை பெய்தது, புல் வெட்டினார்கள், புது பிஸ்கட் கொடுத்தோம் என்று தேதிக்கு நேரே இரண்டு வார்த்தை எழுதி வையுங்கள். ஒரு வருஷத்துக் காலண்டரைக் கொண்டு போய் டாக்டர் மேஜைமேல் வைத்தால், எந்தப் பரீட்சையும் சொல்ல முடியாத சங்கதிகளை அது சொல்லும்.

டாக்டர் என்ன செய்வார்?

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. ஆடு மாடுகளோடு வீட்டுப் பிராணிகளுக்கும் அங்கே சிகிச்சை நடக்கிறது. தனியாகத் தொழில் நடத்தும் டாக்டர்களும் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். எங்கே போனாலும், "ஒரே ஊசியில் சரியாக்குங்கள்" என்று கேட்காதீர்கள். அலர்ஜி என்று முடிவு கட்டுவது, மற்ற ஒவ்வொன்றையும் "இல்லை, இல்லை" என்று தள்ளிக்கொண்டே வந்த பிறகுதான்.

முதலில் தெள்ளு, உண்ணி, சொறிப் பூச்சி ஆகியவற்றைத் தீர்ப்பார். சொறிந்த புண்ணில் கிருமியும் காளானும் சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார். நாயின் மேல் வீசும் ஊசல் நாற்றம் பெரும்பாலும் இவற்றால்தான். பிறகு உணவுப் பரீட்சை. எட்டு வாரம், டாக்டர் குறித்துக் கொடுத்த உணவைத் தவிர வேறு எதுவும் கூடாது. நாய்களுக்கு ஆகாத உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை முக்கியமானவை. ஆகவே செல்லத்துக்காகப் போடும் ஒரு கவளம் தயிர் சாதமும், குழந்தை ரகசியமாக நீட்டும் ஒரு பிஸ்கட்டும் எட்டு வாரத் தவத்தைக் கலைத்துவிடும். வீட்டில் உள்ள எல்லோரிடமும், முக்கியமாகத் தாத்தாவிடம், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது!

இவ்வளவுக்கும் பிறகு நமைச்சல் நிற்கவில்லை என்றால், புல், மகரந்தம், தூசி ஆகியவற்றின்மேல் சந்தேகம் உறுதிப்படுகிறது. எதெது ஆகவில்லை என்று பார்க்க இரண்டு பரீட்சைகள் உண்டு. ஒன்று, விலாவில் கொஞ்சம் ரோமத்தைச் சிரைத்து, ஒவ்வொரு பொருளிலும் துளித் துளி ஊசியால் ஏற்றி, பதினைந்து இருபது நிமிஷத்தில் எது தடிக்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று ரத்தப் பரீட்சை. இவை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உபத்திரவமே இல்லாத நாய்க்கும் சில சமயம் தடிப்பு வரும் என்பதால், இந்தப் பரீட்சையை மட்டும் வைத்து வியாதியை முடிவு கட்ட முடியாது. எந்தப் பொருளுக்கு ஊசி போடலாம் என்று தேர்ந்தெடுக்கவே இது பயன்படும்.

அந்த ஊசியின் கதை சுவாரசியமானது. லண்டனில் லெனார்ட் நூன் என்ற வைத்தியர், புல் மகரந்தத்தின் சாரத்தையே மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, உடம்பைப் பழக்கலாம் என்று 1911-இல் எழுதினார். தபால்காரரைத் தினம் கொஞ்ச தூரம் அழைத்து வந்து, "இவர் நல்லவரப்பா" என்று காவல்காரனுக்கு அறிமுகம் செய்து வைக்கும் முறை! நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதில் நல்ல குணம் தெரிகிறது. ஆனால் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். மூன்று மாதத்தில் அலுத்துப் போய் நிறுத்தினால் பணமும் போச்சு, பலனும் போச்சு.

அதுவரை நாய் நமைச்சலோடு கிடக்க வேண்டுமா? வேண்டாம். ஸ்டெராய்டு மாத்திரைகள் வெகு சீக்கிரம் நமைச்சலை அடக்கும். ஆனால் அதிக நாள் கொடுத்தால் பசி, தாகம், சிறுநீர் எல்லாம் கூடும், உடம்பு ஊதும், கிருமிக்கு இடம் கொடுக்கும். வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்யாத நாய் திடீரென்று செய்தால் அதை அடிக்காதீர்கள்; மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அண்மைக் காலத்தில், நமைச்சல் செய்தியை நரம்புக்குப் போகவிடாமல் தடுக்கும் புது மருந்துகள் வந்திருக்கின்றன. ஆக்லாசிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை போடும் லோகிவெட்மாப் ஊசி அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் வந்தது. உங்கள் நாய்க்கு எது ஏற்றது, எது உங்கள் கைக்கு எட்டுவது என்பதை டாக்டரிடம் மனம் விட்டுப் பேசித் தீர்மானியுங்கள். செலவைப் பற்றிக் கேட்பதில் வெட்கமில்லை. பாதியில் நின்று போகும் உயர்ந்த மருந்தைவிட, விடாமல் கொடுக்கும் சாதாரண மருந்து மேல்.

குடத்தில் விழும் தண்ணீர்

அலர்ஜி நாயின் உடம்பை விளிம்பு வரை நிரம்பிய குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் மகரந்தம் ஒரு சொம்பு, தூசி ஒரு சொம்பு, தெள்ளுக் கடி ஒரு சொம்பு. குடம் வழிந்தால் நமைச்சல். குடத்தைக் காலி செய்ய நம்மால் முடியாது. ஆனால் விழுகிற சொம்புகளைக் குறைக்க முடியும். அது முழுக்க முழுக்க வீட்டில் நடக்கிற வேலை.

வெளியே போய்விட்டு வந்ததும், பழைய பேசினில் தண்ணீர் விட்டு நான்கு பாதங்களையும் அலம்பி, ஈரத் துணியால் வயிற்றையும் முகத்தையும் துடைத்து, பிறகு விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் காளான் வரும். தொல்லை அதிகமான நாட்களில் வாரம் ஒரு தடவை குளிப்பாட்டுங்கள். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன ஷாம்பூவைத் தடவிப் பத்து நிமிஷம் ஊற விட்டு நன்றாக அலசுங்கள். நமக்கு உபயோகிக்கும் சோப்பு நாயின் தோலுக்கு ஏற்றதல்ல.

புல் வெட்டும்போதும் வெட்டிய சில மணி நேரத்துக்கும் நாயை வெளியே விடாதீர்கள். அந்தச் சமயத்தில் குளிப்பாட்டி, நடு வீட்டில், சிமெண்டுத் தரையிலோ மொஸைக் தரையிலோ படுக்க விடுங்கள். பெரியவர்கள் பழமொழியின் மீதியைச் சொல்லிச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! படுக்கிற சாக்கையும் பழைய போர்வையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். தெள்ளு, உண்ணி மருந்தை வருஷம் முழுவதும் விடாமல் கொடுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. மண்ணெண்ணெய், பினாயில், வண்டியின் கழிவு எண்ணெய் இவற்றைத் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தோல் வெந்து போவதோடு, நாய் அதை நக்கும், விஷமாகும். கற்பூரம் கலந்த தைலமும் ஆகாது. வீட்டில் ஜலதோஷத்துக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மூக்கடைப்புக்காக அதில் சேர்த்திருக்கும் சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்து நாயின் உயிருக்கே ஆபத்து. போன வருஷம் மிச்சமான மாத்திரையும் வேண்டாம். நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டினால் புண் ஆறும், நமைச்சல் ஆறாது. புனலோடு வைத்தியமும் வேண்டும்.

இன்னொன்று. நக்கும்போதெல்லாம் "சீ, நக்காதே!" என்று குழந்தைகள் அதட்டுவார்கள், சில சமயம் ஓர் அடியும் விழும். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் ஐந்து நிமிஷம் இருக்க முடிகிறதா என்று குழந்தையிடமே பந்தயம் கட்டிப் பாருங்கள். பிறகு அது அதட்டாது.

இந்த வியாதி அடியோடு தீருவது அபூர்வம். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு போல் கூடவே வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியது. வீட்டில் அப்பாவுக்கு உப்பைக் குறைத்து, பாட்டிக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்து, எல்லோருடைய உடம்பையும் நினைவில் வைத்திருப்பவர் யாரோ, அவரைத்தான் நாயும் நம்பியிருக்கிறது. சமாளித்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு வயது வரை வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கும்.

ஆகவே இன்றைக்குச் சாயங்காலம் நாய் பாதத்தை நக்குவதைப் பார்த்தால், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு காலண்டர் பக்கம் போங்கள். தேதிக்கு நேரே எழுதுங்கள்: "இடது முன்கால், வலது முன்கால். மத்தியானம் மழை."